பிள்ளைக்கான நீதியும் பஸ் காசும்

சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி இன்று நிறையவே பேசப்படுகிறது. ஊர்வலங்கள் நடைபெறுகின்றன. சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. பாடசாலைகளில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் வைக்கப்படுகின்றன. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு விடயம் உண்டு. ஒரு பிள்ளை துணிந்து வாய் திறந்து, பெற்றோரும் துணிந்து முறைப்பாடு செய்த பின்னர், அந்த வழக்குக்கு என்ன நடக்கிறது? அதனைத் தீர்ப்பு வரை கொண்டு செல்லும் செலவையும் சுமையையும் யார் பொறுப்பது?

எமது கிராமங்களிலும் நலன்புரி நிலையங்களிலும் மீள்குடியேறிய இடங்களிலும் இவ்வாறான வழக்குகள் பாதி வழியில் நின்று போவதை நாம் அறிவோம். சாட்சி வரவில்லை, தாய் வரவில்லை, பிள்ளை பேச மறுக்கிறது எனக் காரணம் சொல்லப்படுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்பவர் குறைவு.

எமது கருத்து இதுதான்: பிள்ளைகளின் வழக்குகளைச் சீராக நடத்துவதற்கென ஒதுக்கப்படும் உதவிப் பணம், அது அரசின் நிதியாயினும் வெளிநாட்டு நிறுவனங்களின் நன்கொடையாயினும், முறைப்பாட்டிலிருந்து தீர்ப்பு வரை அந்தப் பிள்ளை நடக்க வேண்டிய பாதையைச் செப்பனிடவே முதலில் செலவாக வேண்டும். கட்டடங்களும் கருத்தரங்குகளும் அதன் பின்னர் வரட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை

எமது நாட்டில் சட்டம் போதாது என்று கூறுவது முழு உண்மையல்ல. இலங்கை அரசு சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. 1995 இன் 22 ஆம் இலக்கச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பெண்பிள்ளையின் சம்மத வயது 12 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதும், பாலியல் தேவைக்குப் பயன்படுத்துவதும் தனிக் குற்றங்களாக்கப்பட்டன. கடும் பாலியல் துஷ்பிரயோகம் என்னும் குற்றம் ஆண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பளிக்கிறது. பாதிக்கப்பட்டவர் இன்னாரென வெளிப்படும்படி செய்தி வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது.

1998 இன் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கியது. 1999 இன் 32 ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் முதல் விபரத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சாட்சியமாக முன்வைக்க இடமளித்தது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கென ஓர் அதிகார சபையும் ஒரு நிதியமும் உண்டு.

ஆகவே ஏட்டில் வழி இருக்கிறது. அந்த ஏடு பிள்ளையின் கிராமத்தை எட்டுவதற்குத்தான் வழி இல்லை. ஒளிப்பதிவைச் சட்டம் அனுமதித்தால் மட்டும் போதுமா? பதிவு செய்ய அமைதியான ஓர் அறை வேண்டும். கருவி வேண்டும். பிள்ளையுடன் தமிழில் பேசிப் பழகிய, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். இவை மூன்றும் பணத்தால் வருபவை. சட்டத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியைத்தான் உதவிப் பணம் நிரப்ப வேண்டும்.

பிள்ளை நடக்கும் பாதை

ஒரு பிள்ளையின் வழக்கு எவ்வழியாகச் செல்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். பிள்ளை முதலில் தாயிடமோ ஆசிரியரிடமோ சொல்கிறது. பின்னர் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் வாக்குமூலம் கொடுக்கிறது. அங்கிருந்து வைத்தியசாலைக்குச் சென்று சட்ட வைத்திய அதிகாரியிடம் சொல்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து கேட்கிறார். நீதவான் முன் நிறுத்தப்படுகிறது. வழக்கேடு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து குற்றப்பத்திரம் வந்த பின்னர் மேல் நீதிமன்றத்தில் விளக்கம் தொடங்குகிறது. அங்கு பிள்ளை மீண்டும் சாட்சியம் அளித்து, எதிரியின் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணைக்கும் முகம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் முடிய வருடக்கணக்கில் செல்வது வழமை. பத்து வயதில் முறைப்பாடு செய்த பிள்ளை, வளர்ந்து பெரியவளான பின்னரும் அதே கதையை அந்நியர் முன் சொல்ல வேண்டியிருக்கிறது. மறக்க நினைப்பதை ஞாபகத்தில் வைத்திருக்கும்படி நாமே அவளைக் கட்டாயப்படுத்துகிறோம்.

இனி, வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தாய் வெங்காயம் நடும் கூலிக்கோ நெல் வெட்டும் கூலிக்கோ செல்பவர். ஒரு தவணை என்றால் ஒரு நாட்கூலி போகிறது. பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. எனவே இருவருக்கும் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு. கைக்குழந்தையை அயல்வீட்டில் விட வேண்டும். காலையில் முதல் பஸ்ஸில் புறப்பட்டு நீதிமன்ற விறாந்தையில் காத்திருந்தால், பகல் பதினொரு மணிக்கு வழக்கு வேறு திகதிக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. ஒரு முறை சட்டத்தரணி வரவில்லை. மறுமுறை வைத்திய அறிக்கை வரவில்லை. அடுத்த முறை பொலிஸ் உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போய்விட்டார். இப்படி நான்கு தவணை சென்றால் ஒரு ஏழைக் குடும்பம் கடன்படாமல் ஐந்தாவது தவணைக்குப் போக முடியுமா?

இதிலும் கொடுமையானது ஒன்று உண்டு. பிணையில் வந்த எதிரி பெரும்பாலும் அதே கிராமத்தவர். அதே பஸ்ஸில் வருகிறார். அதே விறாந்தையில் நிற்கிறார். சில வேளைகளில் அவர் உறவினர், அல்லது ஊரில் மதிக்கப்படும் ஒருவர். பாடசாலை, விடுதி, வழிபாட்டிடம் என எந்த இடமும் இதற்கு விலக்கல்ல. பிள்ளை வாய் திறக்க மறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்தோருக்கு மேலதிக பாரம்

1990 இலும் 1995 இலும் 2008, 2009 இலும் வீடு வாசல் விட்டு எழுந்து சென்ற எமது மக்களுக்கு இந்தப் பாதை இன்னும் நீளமானது. சிலர் பல தடவை இடம் மாறியவர்கள். சிலர் சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாதவர்கள்.

முதலாவது, பிறப்புச் சான்றிதழ். இவ்வகை வழக்கில் பிள்ளையின் வயதுதான் அத்திவாரம். 16 வயதுக்குக் குறைந்தவள் என்பதை நிரூபிக்க வேண்டும். இடப்பெயர்வில் பெட்டியோடு சான்றிதழும் போனால் வழக்கு அங்கேயே தடுமாறுகிறது.

இரண்டாவது, அழைப்பாணை. அது பழைய விலாசத்துக்குப் போகிறது. குடும்பம் வேறு கிராமத்தில் இருக்கிறது. நீதிமன்றின் பார்வையில் சாட்சி வரவில்லை. எதிரியின் தரப்புக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

மூன்றாவது, மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுப்பது எமது உரிமை. ஆனால் தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் இல்லாத நிலையத்தில், பிள்ளை சொன்னது ஒன்று, எழுதப்பட்டது இன்னொன்று என ஆகிவிடக்கூடும். பல வருடங்களின் பின் அந்த ஒரு சொல் வேறுபாட்டை வைத்தே பிள்ளை பொய் சொல்கிறது என வாதாடப்படும்.

நான்காவது, நெருக்கமான வாழ்க்கை. முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இரகசியம் என்பது இல்லை. தறப்பாளுக்கு அப்பால் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும். இதனால் பெற்றோர் மானத்துக்கு அஞ்சி, கிராமப் பெரியவர்கள் பேசி முடிக்கும் இணக்கத்துக்குத் தலையாட்டுகின்றனர். ஒரு தொகைப் பணம், அல்லது கெடுத்தவனுக்கே பெண்ணைக் கட்டிக் கொடுத்தல். இது நீதியல்ல. பிள்ளையை இரண்டாம் முறை ஒப்புக்கொடுத்தல்.

வேறொரு நாடு கண்ட வழி

இது எமக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. பணவசதி படைத்த அமெரிக்காவிலும் 1980களில் இதே குறை பேசப்பட்டது. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரித்து நீதிமன்றமே இரண்டாவது காயத்தை உண்டாக்குகிறது என்றனர். 1985 இல் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில், அரச வழக்குத்தொடுநராக இருந்த பட் கிரேமர் என்பவரின் முயற்சியால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குப் பதிலாக, பொலிஸ், சமூக சேவையாளர், வழக்குத்தொடுநர், வைத்தியர் ஆகியோர் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வந்து கூடி வேலை செய்வதே அதன் நோக்கம். இன்று அந்நாட்டில் அவ்வாறான நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

அடுத்த ஆண்டு, 1986 இல், அமெரிக்கப் பாராளுமன்றம் சிறுவர் நீதிச் சட்டம் எனும் ஒன்றை நிறைவேற்றியது. துஷ்பிரயோக வழக்குகளை விசாரிக்கும் முறையையும் நீதிமன்றில் நடத்தும் முறையையும் திருத்துவதற்கென்றே மாநிலங்களுக்கு மானியம் வழங்கும் சட்டம் அது. வருடமொன்றுக்கு 20 மில்லியன் டொலர் வரை இதற்கென ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி பூர்வீகக் குடிகளுக்கு. இப்பணம் பொதுமக்களின் வரியிலிருந்து எடுக்கப்படுவதல்ல. மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் தண்டப் பணத்தைக் கொண்டு 1984 இல் அமைக்கப்பட்ட நிதியத்திலிருந்து வருவது.

இதில் எம்மைக் கவர்ந்தது தொகையல்ல, நிபந்தனையே. மானியம் பெற விரும்பும் மாநிலம் முதலில் ஒரு குழுவை அமைக்க வேண்டும். அதில் பொலிஸார், நீதிபதிகள், வழக்குத்தொடுநர்கள், எதிரிகளுக்காக வாதாடும் சட்டத்தரணிகள், வைத்தியத் துறையினர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், பெற்றோர் சார்பானோர் ஆகிய யாவரும் இருக்க வேண்டும். அக்குழு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தம் மாநிலத்தில் வழக்குகள் எங்கே சிக்குகின்றன என ஆராய்ந்து, என்ன மாற்ற வேண்டும் எனச் சிபார்சு செய்ய வேண்டும். பிள்ளைக்கு மேலும் வேதனை ஏற்படாமலும், எதிரிக்கு நியாயமான விசாரணை கிடைக்கும்படியும் மாற்றங்கள் அமைய வேண்டும். முதலில் அடைப்பு எங்கே எனப் பார், பின்னர் வாய்க்காலை வெட்டு என்பதே இதன் சாரம். கமம் செய்யும் எமக்கு இது புதிய பாடமல்ல.

அவசரமும் ஆபத்தே

அதே நாட்டில் நடந்த ஒரு தவறையும் நாம் நோக்க வேண்டும். கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் பாலர் பாடசாலை தொடர்பாக 1983 இல் எழுந்த குற்றச்சாட்டுக்கள் 1990 வரை இழுபட்டன. செலவு சுமார் 15 மில்லியன் டொலர் எனக் கணக்கிடப்பட்டது. இறுதியில் ஒருவர்கூடக் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம், பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்டு, சொல்லும் வரை வற்புறுத்தியதே அந்த விசாரணையின் பெருங்குறையாகக் கண்டிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கும் நன்மை இல்லை, குற்றஞ் சாட்டப்பட்டோருக்கும் நியாயம் இல்லை.

ஆகவே பிள்ளையிடம் கேட்கத் தெரிவது ஒரு தொழில். அதற்குப் பயிற்சி வேண்டும். 'என்ன நடந்தது, சொல்லம்மா' என்று கேட்பதற்கும், 'அவர்தானே உன்னைத் தொட்டவர்?' என்று கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. நல்ல பயிற்சிக்குச் செலவிடும் பணம் உண்மையான பிள்ளையையும் காக்கும், நிரபராதியையும் காக்கும்.

பணம் எதற்குச் செல்ல வேண்டும்?

மேற்சொன்னவற்றிலிருந்து நாம் கேட்பவை இவை:

1. வழக்குத் தவணைக்கு வரும் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் பயணச் செலவும் ஒரு நாட்கூலியும் அன்றைய தினமே வழங்கப்பட வேண்டும். மனு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை கூடாது.

2. நீதிமன்றில் எதிரியின் கண்ணில் படாமல் காத்திருக்க ஓர் அறை வேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு கதவும் பாயும் குடிதண்ணீரும் போதும்.

3. மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது, பிள்ளையின் விபரத்தை ஒரே முறையில் ஒழுங்காக ஒளிப்பதிவு செய்யும் வசதி வேண்டும். அங்கு தமிழ் பேசும், பயிற்சி பெற்ற பெண் உத்தியோகத்தர் இருக்க வேண்டும்.

4. முறைப்பாட்டு நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை பிள்ளையுடன் கூடச் செல்லும் ஒருவர் வேண்டும். தவணைக்குத் தவணை ஆள் மாறக் கூடாது.

5. பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஆகியோர் மாதம் ஒரு முறை பிரதேச செயலகத்தில் கூடி, எந்த வழக்கு எங்கே, யாரால் தாமதமாகிறது எனப் பார்க்க வேண்டும். இதற்குத் தேவை தேநீர்ச் செலவும் மனமும்தான்.

சாட்சிக்குப் பணம் கொடுத்தால் பொய் வழக்குகள் பெருகும், சாட்சி விலைக்கு வாங்கப்பட்டார் என எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார் எனச் சிலர் அஞ்சுகின்றனர். இது நியாயமான அச்சமே. ஆனால் பஸ் காசு சன்மானமல்ல. என்ன சாட்சி சொன்னாலும், தீர்ப்பு எப்படி வந்தாலும், எல்லோருக்கும் ஒரே அளவில், பற்றுச்சீட்டுடன், பொறுப்பான அதிகாரி ஒருவரால் வெளிப்படையாக வழங்கப்பட்டால் எவரும் குறை சொல்ல முடியாது. தனியார் ஒருவர் இரகசியமாகக் கையில் திணிப்பதுதான் வழக்கைக் கெடுக்கும். இதை உதவி நிறுவனங்களும் மனதிற் கொள்ள வேண்டும்.

வருட முடிவில் இந்நிறுவனங்கள் அறிக்கை வெளியிடும்போது எத்தனை கருத்தரங்குகள், எத்தனை பேர் பங்குபற்றினர் எனக் கூறுகின்றன. நாம் வேறு கேள்விகளைக் கேட்போம். எத்தனை பிள்ளைகளின் வழக்கு முடிவுற்றது? ஒரு வழக்கு எத்தனை தடவை ஒத்திவைக்கப்பட்டது? ஒரு பிள்ளை தன் கதையை எத்தனை பேருக்குச் சொல்ல நேர்ந்தது? இந்த எண்கள் குறைந்தால்தான் பணம் வேலை செய்தது என்று பொருள். முதற் கேள்வியின் எண் மட்டும் கூட வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

பணம் வரும் வரை கை கட்டி நிற்கவும் கூடாது. ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியவை சில:

பிள்ளை சொன்னால் நம்பிக் கேளுங்கள். ஏசவோ அடிக்கவோ வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டு விடை சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களையே திகதியுடன் எழுதி வையுங்கள்.

இயன்றளவு விரைவாக, 72 மணித்தியாலத்துக்குள், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அதற்கு முன் குளிக்க வார்க்க வேண்டாம். உடுத்திருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள். நாள் கடந்துவிட்டாலும் போகாமல் விடாதீர்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பொலிஸில் முறைப்பாடு செய்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் பெற்று வையுங்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் இன்றே பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவே இல்லாவிடின் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி விசாரியுங்கள். இடம் மாறினால் புதிய விலாசத்தைப் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றப் பதிவாளருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

சட்டத்தரணிக்கு வசதி இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அது 1978 இல் இதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது.

எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் விதைநெல்லுக்கும் நீர்ப்பம்பிக்கும் கடன் கொடுக்கின்றன. மரண வீட்டுக்கு நிதி சேர்க்கின்றன. அதே போல் நீதிமன்றத் தவணைக்கு ஒரு சிறு நிதி வைக்க முடியாதா? அன்று அந்தத் தாயின் வயலில் இருவர் இறங்கி வேலை செய்தால், கைக்குழந்தையை ஒருவர் பார்த்துக்கொண்டால், ஒருவர் கூடவே பஸ்ஸில் ஏறிச் சென்றால், அதற்கு எந்த வெளிநாட்டு மானியமும் தேவையில்லை. யாருடைய பிள்ளை, என்ன நடந்தது எனச் சங்கத்தில் பேச வேண்டியதும் இல்லை. 'அவவுக்கு இன்று நீதிமன்றத்தில் அலுவல்' என்பது போதும்.

நிலத்தை இழந்தோம், வீட்டை இழந்தோம், ஆவணங்களை இழந்தோம். எஞ்சியிருக்கும் பிள்ளைகளும் தமக்கு நீதி கிடையாது என்று எண்ணி வளர்வார்களாயின், இனி எதை மீளக் கட்டினாலும் அது நிலைக்காது. அடுத்த தவணை நாள் எமது கிராமத்தில் யாருக்கு, எப்போது என்பதை அறிந்து, அந்தப் பிள்ளையும் தாயும் தனியே பஸ் ஏறாதபடி பார்ப்போம். உதவி நிறுவனங்களிடமும் அரசிடமும் நாம் கேட்கப் போவதும் அதையே.